16 டாலர் சாப்பாடு, 21.60 டாலர் பச்சைக் கறி

அமெரிக்காவுக்கு வந்து நாலைந்து மாதமே ஆன தம்பி ஒருவன் கடையிலிருந்து போட்டோ அனுப்பினான். பிளாஸ்டிக் தாள் சுற்றிய தட்டில் ரிப்ஐ என்கிற மாட்டுக்கறித் துண்டு ஒன்று. எடை 1.2 பவுண்டு, விலை 21.60 டாலர். கீழே அவனுடைய கேள்வி: "அண்ணா, நேத்து ஸ்டேக்ஹவுஸ்ல பன்னு, வெண்ணெய், சாலட், உருளைக்கிழங்கு எல்லாம் சேத்து 16 டாலருக்கு ஸ்டேக் சாப்பிட்டேன். இங்க வெறும் பச்சைக் கறிக்கே 22 டாலர் கேக்குறாங்க. சமைச்சுக் குடுக்குறவங்க எப்படிண்ணா கம்மியா குடுக்க முடியும்?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வந்தால் மாட்டின் உடலமைப்பு, அரசு முத்திரை, சமையல், டிப்ஸ் என்று எல்லாவற்றையும் தொட வேண்டியிருக்கிறது. ஆனால் முதல் பதில் சின்னது. அவன் முந்தைய நாள் சாப்பிட்டது வேறு கறி, கடையில் பார்த்தது வேறு கறி. மெனுவிலும் கடையிலும் இரண்டுக்கும் "ஸ்டேக்" என்றே பெயர் இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

எந்த இடத்துக் கறி?

ஸ்டேக் என்பது ஒரு கறியின் பெயர் அல்ல, வெட்டும் விதம். பெரிய சதையைக் குறுக்கே, ஒரே கனத்தில் வெட்டினால் அது ஸ்டேக். அது மாட்டின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்பதுதான் விலையை முடிவு செய்கிறது.

முதுகெலும்பை ஒட்டி ஓடும் சதைக்கு மாடு உயிரோடு இருக்கும்போது பெரிய வேலை கிடையாது. அதனால் அது மெத்தென்று இருக்கும். விலா எலும்புப் பக்கம் இருப்பது ரிப்ஐ, அதற்குப் பின்னால் இடுப்பை நோக்கிப் போவது ஸ்ட்ரிப், முதுகெலும்புக்கு உள்பக்கம் ஒளிந்திருப்பது டெண்டர்லாய்ன். ஒரு மாட்டுக்கு டெண்டர்லாய்ன் இரண்டுதான். இரண்டையும் சேர்த்தாலும் உரித்த உடலின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குகூடத் தேறாது. ஃபிலே மின்யோன் என்று அதற்கு அவ்வளவு விலை வைப்பது இதனால்தான்.

இன்னும் பின்னால் போனால் இடுப்பில் சர்லாய்ன். மாடு நடக்கும்போது வேலை செய்யும் பகுதி என்பதால் கொஞ்சம் இறுக்கம், கொழுப்பு குறைவு, ஆனால் கறியின் சுவை நன்றாகவே இருக்கும். முன்னந்தோள் சக், பின்னந்தொடை ரவுண்ட். இவை மாட்டையே சுமக்கும் சதைகள். மணிக்கணக்கில் வேகவைத்தால் அருமை, ஸ்டேக்காக வாட்டினால் பல்லுக்கு வேலை.

இப்போது அந்த 16 டாலர் சாப்பாட்டுக்கு வருவோம். செயின் ஸ்டேக்ஹவுஸ் மெனுவில் மிகக் குறைந்த விலையில் இருப்பது பெரும்பாலும் 6 அவுன்ஸ் சர்லாய்ன்தான். டெக்சஸ் ரோட்ஹவுஸ், லாங்ஹார்ன், அவுட்பேக் எதற்குப் போனாலும் இதே கதை. 16 அவுன்ஸ் சேர்ந்தால் ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம். அப்படியானால் 6 அவுன்ஸ் என்பது ஏறக்குறைய 170 கிராம். தம்பி கையில் வைத்திருந்ததோ ரிப்ஐ, அதுவும் 540 கிராமுக்கு மேல். விலை உயர்ந்த கறி, மூன்று மடங்கு எடை. இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிட்டு "கடைக்காரன் கொள்ளையடிக்கிறான்" என்று சொன்னால் எப்படி?

இன்னொன்று. மெனுவில் எழுதியிருக்கும் அவுன்ஸ் சமைப்பதற்கு முன் இருந்த எடை. வாட்டும்போது நீரும் கொழுப்பும் போய், கால் பங்கு வரை குறைந்துவிடும். 6 அவுன்ஸ் தட்டுக்கு வரும்போது நாலரை அவுன்ஸ் பக்கம்தான் இருக்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, கடையில் வாங்கும் கறியும் வாணலியில் இதே மாதிரி சுருங்கத்தான் செய்யும்.

முத்திரை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது

அடுத்தது தரம். அமெரிக்க வேளாண் துறையின் முத்திரைகளில் கடைப் பக்கம் நாம் பார்ப்பவை மூன்று: பிரைம், சாய்ஸ், செலக்ட். 1927-லிருந்து நடந்துவரும் ஏற்பாடு இது. கறி சாப்பிடத் தகுந்ததா என்று பார்க்கும் அரசு சோதனை கட்டாயம். அதற்கும் இந்தத் தரப் பிரிவினைக்கும் சம்பந்தம் இல்லை. தரம் பிரிப்பது கட்டாயம் அல்ல, வேண்டும் என்கிற கறி ஆலை கட்டணம் கொடுத்துச் செய்துகொள்கிறது. ஆகவே முத்திரை இல்லாத கறி கெட்ட கறி என்று அர்த்தமில்லை. அதைத் தரம் பார்க்கக் கொடுக்கவில்லை, அல்லது முத்திரை போட்டு விற்கும் அளவுக்கு வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதுதான் சுவாரசியம். உரித்துத் தொங்கவிட்ட உடலில் 12-வது விலா எலும்புக்கும் 13-வதுக்கும் நடுவே வெட்டுவார்கள். அங்கே தெரியும் ரிப்ஐ சதையின் முகத்தைத் தர அதிகாரி பார்ப்பார். இப்போது பெரிய ஆலைகளில் கேமராவும் பார்க்கிறது. சிவப்புச் சதைக்குள் வெள்ளை இழைகளாகக் கொழுப்பு எவ்வளவு ஓடியிருக்கிறது, மாட்டுக்கு என்ன வயது, இந்த இரண்டும்தான் முக்கியக் கணக்கு. இழை நிறைய ஓடியிருந்தால் பிரைம், மிதமாக இருந்தால் சாய்ஸ், லேசாக இருந்தால் செலக்ட். இந்த மாதிரி கொழுப்பு ஓடியிருப்பதைத்தான் மார்பிளிங் என்கிறார்கள். சதையின் ஓரத்தில் பட்டையாக ஒட்டியிருக்கும் கொழுப்பு இந்தக் கணக்கில் வராது.

ஆக, ஓரிடத்தில் பார்த்த முகத்தை வைத்து முழு உடலுக்கும் முத்திரை குத்துகிறார்கள். தொடைக்கறியிலும் "பிரைம்" என்று எழுதியிருக்கும், ஆனால் அதனால் தொடைச் சதை மெத்தென்று ஆகிவிடாது. செலக்ட் டெண்டர்லாய்ன் பிரைம் ரவுண்டைவிட மென்மையாகவே இருக்கும். தரத்தைவிட எந்த இடத்துக் கறி என்பதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன்.

தரம் பிரிக்கப்படும் கறியில் சமீப ஆண்டுகளில் பத்தில் ஏழுக்கு மேல் சாய்ஸ், பத்தில் ஏறக்குறைய ஒன்று பிரைம். சாய்ஸுக்குள்ளேயே மூன்று படிகள் உண்டு. மேல்படி சாய்ஸ் பிரைமுக்குப் பக்கத்து வீடு, கீழ்ப்படி சாய்ஸ் செலக்ட்டுக்குப் பக்கத்து வீடு. முத்திரை எல்லாவற்றிலும் ஒன்றுதான். அதனால் ஒரே கடையில், ஒரே விலையில், ஒரே முத்திரையோடு இருக்கும் பத்துத் தட்டுகளில் இரண்டு மட்டும் கண்ணில் அடிக்கிற மாதிரி நன்றாக இருக்கும். அவற்றைப் பொறுக்கி எடுக்கிற உரிமை கடைக்குப் போகிறவருக்கு இருக்கிறது, ஸ்டேக்ஹவுஸ் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இல்லை. இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. எனக்குக் கடைக் கறியின் பெரிய லாபமே இதுதான்.

"ஆங்கஸ்" என்ற சொல்லைப் பார்த்து மயங்க வேண்டாம். அது மாட்டு இனத்தின் பெயர், தரத்தின் பெயர் அல்ல. 1978-ல் தொடங்கிய சர்டிஃபைடு ஆங்கஸ் பீஃப் என்ற பிராண்டுக்கு மட்டும் 10 நிபந்தனைகள் இருக்கின்றன, மார்பிளிங்கும் அதில் ஒன்று. வெறும் "ஆங்கஸ்" என்று எழுதியிருந்தால் அந்தக் காவல் கிடையாது. "ரிசர்வ்", "ஸ்பெஷல்", "கோல்டு" வகையறாக்களும் அப்படித்தான். வார்த்தை ஜாலத்தை ஒதுக்கிவிட்டு பிரைம், சாய்ஸ், செலக்ட் என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். செலக்ட் என்கிற பெயரே 1987-ல் வைத்ததுதான். அதுவரை அதே தரத்துக்கு "குட்" என்று பெயர்.

ஸ்டேக்ஹவுஸுக்கு மட்டும் தனிக் கறி வருகிறதா?

வருகிறது என்று பலர் நம்புகிறார்கள். வெள்ளைத் துணி விரித்த, ஆளுக்கு 100 டாலர் பழுத்துவிடும் உயர்தர உணவகங்களைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. பிரைம் கறியில் கணிசமான பங்கு அவர்களுக்குப் போகிறது, சிலர் அதை வாரக்கணக்கில் குளிரறையில் உலரவிட்டுப் பக்குவப்படுத்துகிறார்கள். நெடுஞ்சாலை ஓரத்துச் செயின் கடைகளில் பெரும்பாலும் ஓடுவது சாய்ஸ்தான். உங்கள் பேட்டை சூப்பர் மார்க்கெட்டில் இருப்பதும் அதே சாய்ஸ்தான். மாட்டை வெட்டி, பாளம் பாளமாகக் காற்று நீக்கிய பைகளில் அடைத்து அனுப்பும் ஆலைகளும் கிட்டத்தட்ட அதே ஆட்கள். டைசன், ஜேபிஎஸ், கார்கில், நேஷனல் பீஃப் என்ற நாலு நிறுவனங்கள், தீவனமிட்டுக் கொழுக்கவைத்த மாடுகளில் சுமார் 85 சதவீதத்தை வெட்டுகின்றன. அந்தப் பெட்டி லாரியில் ஏறி இடது பக்கம் திரும்பினால் கடை, வலது பக்கம் திரும்பினால் உணவகம்.

அப்படியானால் அங்கே மட்டும் ஏன் ருசி தூக்கலாக இருக்கிறது? பாதிப் பதில் அடுப்பில் இருக்கிறது. கனமான இரும்புத் தகடு நாள் முழுக்கக் காய்ந்துகொண்டே இருக்கும். பத்து ஸ்டேக்கைப் போட்டாலும் அதன் சூடு இறங்காது. கறி பட்டவுடன் மேலே பழுப்பு ஓடு கட்டிவிடும், உள்ளே சிவப்பாகவே இருக்கும். நம் வீட்டு மெல்லிய நான்-ஸ்டிக் வாணலியில் குளிர்ந்த கறியை வைத்ததும் சூடு சடாரென்று இறங்கி, நீர் விட்டு, கறி தன் தண்ணீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகிவிடும். நான் முதன்முதலாகச் செய்த ஸ்டேக் அப்படித்தான் ஆனது. 20 டாலர் கறி ரப்பர் செருப்பு மாதிரி இருந்தது, குழம்பில் போட்டு ஒப்பேற்றினோம்.

மீதிப் பதில் உப்பும் வெண்ணெயும். வீட்டில் போடக் கை கூசும் அளவுக்கு அங்கே போடுவார்கள். அப்புறம் கனம். ஸ்டேக்ஹவுஸில் சின்னச் சர்லாய்னைக்கூடத் தடிமனாக வெட்டுகிறார்கள், அதனால் வெளியே ஓடு கட்டும்வரை உள்ளே வெந்துவிடாது. கடைத் தட்டில் பல நேரம் அகலமாக, மெல்லிசாக வெட்டி வைத்திருப்பார்கள். பார்க்கப் பெரிதாக இருக்கும், அடுப்பில் வைத்தால் மூன்று நிமிடத்தில் கதை முடிந்துவிடும். கறிப் பிரிவில் ஆள் இருந்தால் ஒன்றேகால் அங்குலக் கனத்தில் வெட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். காசு வாங்க மாட்டார்கள்.

வீட்டில் வார்ப்பிரும்பு வாணலியை நன்றாகக் காயவைத்து, முந்தைய நாளே உப்புத் தடவி ஃப்ரிட்ஜில் திறந்து வைத்த கறியைத் துடைத்துப் போட்டாலே வித்தியாசத்தில் முக்கால்வாசி மறைந்துவிடும். 15 டாலர் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் மீதியும் மறையும். முழுத் துண்டு மாட்டுக்கறிக்கு வேளாண் துறை சொல்லும் உள்சூடு 145 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு 3 நிமிடம் ஆறவிட வேண்டும். உள்ளே சிவப்பாக இருக்கும் மீடியம் ரேர் பக்குவத்தைக் கேட்பவர்கள் இதற்குக் கீழே, 130-ஐ ஒட்டிச் சாப்பிடுகிறார்கள். அது அவரவர் துணிச்சல்.

ஒரே ஒரு இடத்தில் துணிச்சல் வேண்டாம். சில பெரிய கடைகளில் கறியை மென்மையாக்க ஊசி போன்ற கத்திகளால் குத்திவிடுவார்கள். மேல்பரப்பில் இருக்கும் கிருமி அந்தத் துளை வழியாக உள்ளே போய்விடும். 2016 மே மாதத்திலிருந்து இப்படிக் குத்திய பச்சைக் கறியின் லேபிளில் அதைச் சொல்ல வேண்டும், எப்படிச் சமைப்பது என்றும் எழுத வேண்டும். "பிளேடு டெண்டரைஸ்டு" என்று பார்த்தால் நன்றாக வேகவிட்டே சாப்பிடுங்கள்.

கணக்குப் பார்ப்போம்

ஊருக்கு ஊர் விலை மாறும், ஆகவே இதை மாதிரிக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். கடையில் சாய்ஸ் சர்லாய்ன் பவுண்டு 12 டாலர், ரிப்ஐ 18 டாலர். விற்பனை வரி 8 சதவீதம், டிப்ஸ் 20 சதவீதம். பெரும்பாலான மாநிலங்களில் கடையில் வாங்கும் பச்சை உணவுக்கு மாநில வரி கிடையாது. வீட்டில் உருளைக்கிழங்கு, சாலட், வெண்ணெய்க்கு இரண்டரை டாலர் போடுவோம்.

6 அவுன்ஸ் சர்லாய்ன்: ஸ்டேக்ஹவுஸில் 16 டாலர், வரியும் டிப்ஸும் சேர்த்து 20.48. வீட்டில் கறி 4.50, மற்றது 2.50, மொத்தம் 7. வித்தியாசம் பதின்மூன்றரை டாலர்.

12 அவுன்ஸ் ரிப்ஐ: ஸ்டேக்ஹவுஸில் 30 டாலர், கடைசியில் 38.40. வீட்டில் கறி 13.50, மற்றது 2.50, மொத்தம் 16. வித்தியாசம் 22.40.

இரண்டிலும் அதே பன்னு, அதே நாற்காலி, அதே தட்டுக் கழுவல். ஆனால் விலை உயர்ந்த கறியைக் கேட்டதற்காகக் கூடுதலாக 9 டாலர் போகிறது. டிப்ஸும் வரியும் சதவீதக் கணக்கு என்பதால், கறி விலை ஏற ஏற அவையும் ஏறுகின்றன. பரிமாறுபவர் நடக்கும் தூரம் என்னவோ ஒன்றுதான். டிப்ஸைக் குறைக்கச் சொல்லவில்லை. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மத்திய அரசுச் சட்டப்படி முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி 1991-லிருந்து மணிக்கு 2.13 டாலரிலேயே நிற்கிறது. பல மாநிலங்கள் அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கச் சொல்கின்றன, ஆனாலும் அவர்கள் வீட்டு அடுப்பு எரிவது டிப்ஸில்தான்.

ஸ்டேக்ஹவுஸ் இதில் கொள்ளை அடிக்கிறதா என்றால், அதுவும் இல்லை. டெக்சஸ் ரோட்ஹவுஸ் தன் ஆண்டறிக்கையில் காட்டும் கணக்குப்படி, விற்பனையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உணவுப் பொருள்களுக்கே போகிறது. ஆட்கூலி இன்னொரு மூன்றில் ஒரு பங்கு. மிச்சத்தில் வாடகை, மின்சாரம், லாபம் எல்லாம் அடங்க வேண்டும். குளிர்பானம், மது, பொரித்த வெங்காயம் போன்றவற்றில் கிடைக்கிற லாபம்தான் கறித்தட்டைக் குறைந்த விலையில் நிறுத்தி வைக்கிறது. தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு 6 அவுன்ஸ் சர்லாய்ன் சாப்பிட்டு எழுந்தால், அந்த மேசையில் நல்ல வியாபாரம் உங்களுக்குத்தான்.

ஆகவே என் வழக்கம் இது: வெளியே போனால் சர்லாய்ன், ரிப்ஐ சாப்பிட ஆசை வந்தால் கடை. மே கடைசி மெமோரியல் டே, ஜூலை 4, லேபர் டே விடுமுறைச் சமயங்களில் பல கடைகள் ஆளை உள்ளே இழுக்கவே ரிப்ஐ, ஸ்ட்ரிப் விலையைக் குறைத்துப் போடும். அப்போது வாங்கி உறையவைத்துவிடுவேன். ரிப்ஐ விலை கட்டுப்படியாகாதவர்கள் சக்ஐ என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். ரிப்ஐ முடிந்து தோள் தொடங்கும் இடத்தில் வரும் துண்டு, கிட்டத்தட்ட அதே சதையின் தொடர்ச்சி. ஒரு மாட்டில் சில துண்டுகளே வரும் என்பதால் சீக்கிரம் காலியாகிவிடும்.

தம்பியின் அதிர்ச்சிக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 தொடக்கத்தில் அமெரிக்காவில் மாடுகளின் எண்ணிக்கை சுமார் 8 கோடியே 70 லட்சம், 1951-க்குப் பிறகு மிகக் குறைவு. வறட்சியில் புல் காய்ந்து, தீவனச் செலவு ஏறி, விவசாயிகள் கன்று போடும் பசுக்களையே விற்றுவிட்டார்கள். இன்றைக்கு ஒரு கிடாரியை விற்காமல் நிறுத்தி வைத்தாலும் அதன் கன்று வளர்ந்து கறியாக வர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். அதனால் 2025 ஜூனில் பச்சை ஸ்டேக்கின் சராசரி விலை பவுண்டுக்கு 11.49 டாலரைத் தொட்டது. கடை லேபிளில் இந்த ஏற்றம் சீக்கிரம் தெரிந்துவிடும். செயின் உணவகம் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வாங்குகிறது, மெனுவையும் அடிக்கடி மாற்றி அச்சடிக்க முடியாது. அங்கே விலை மெதுவாகத்தான் ஏறும்.

போன வாரம் தம்பியிடமிருந்து மறுபடி ஒரு போட்டோ. சாய்ஸ் சர்லாய்ன், நல்ல கனம், மேலே 30 சதவீதத் தள்ளுபடி ஸ்டிக்கர். ஒரு மூலையில் மட்டும் பழுப்பு. "அண்ணா, கெட்டுப்போச்சா?"

காற்று படாத கறி ஊதாவாக இருக்கும். காற்று பட்டால் பளிச்சென்ற சிவப்பு, நாள் ஆக ஆகப் பழுப்பு. மூன்றுமே சதையில் இருக்கும் ஒரே நிறமிப் புரதம் போடும் வேஷங்கள். நிறத்தை மட்டும் வைத்துக் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. பிசுபிசுப்பு, புளித்த வாடை, தேதி, இவைதான் சாட்சி. "தேதி என்ன போட்டிருக்கு?" என்று கேட்டேன். நாளை மறுநாள். "தட்டைத் தூக்கிப் பாரு, அடியில தண்ணி தேங்கி நிக்குதா?" இல்லை. "பை உப்பியிருக்கா?" இல்லை.

"வாங்கிடு. இன்னைக்கே சமைச்சிடணும். வாணலி வேணும்னா வீட்டுக்கு வந்து எடுத்துக்கோ."